வெயிலுக்குப் பயந்த வெண்ணிலா

அந்தக் குழந்தையை நான் முதலில் பார்க்கவில்லை. ஒரு துணி மூட்டையைத்தான் பார்த்தேன்.

ஐம்பதுகளில் எங்கள் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளைப் பார்க்கும் பகுதி அது. மேலே மின்விசிறி பேருக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. லோஷன் வாசனையும் கைப்பிள்ளைகளின் மூத்திர வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் வேர்த்து ஊற்றியது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் விரித்த கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருந்தாள். கூரைக்குக் கீழே! மடியில் அந்த மூட்டை.

“குடையை மடக்கும்மா. இங்க என்ன மழையா பெய்யுது?” என்றேன்.

“ஜன்னல் வழியா வெயில் விழுது மிஸ்ஸி.”

எங்கள் சிங்கப்பூரில் நர்ஸுக்கு மிஸ்ஸி என்றுதான் பெயர். சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தமிழருக்கும் நான் மிஸ்ஸி. கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும் மிஸ்ஸிதான். ரெஜினா என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போதும் எங்கள் டாக்டர் கூப்பிடும்போதும்தான் ஞாபகம் வரும்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் குடல் பூச்சிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். “சாப்பிடுற நேரத்துல படிக்கிற மாதிரி எதையாவது எழுத மாட்டியா?” என்று ஒரு பிடி பிடித்தாள். அவளுக்காகச் சொல்கிறேன், இந்த வாரம் பூச்சி கிடையாது. கொஞ்சம் மீன் எண்ணெய் வரும். பொறுத்துக்கொள்ளட்டும்.

மூட்டைக்குள் ஒரு பிள்ளை

மூட்டையைப் பிரித்தேன். மேலே ஒரு கனத்த துண்டு. அதற்குள் முழுக்கைச் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை. தலைக்குக் கம்பளிக் குல்லா, கைக்கு உறை, காலுக்கு உறை. வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே போனேன்.

கடைசியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை வெளியே வந்தது. அம்மாடி, அது என்ன நிறம்! பெஞ்சில் இருந்த பெண்கள் ஒரே குரலில் “ஆ” என்றார்கள். ஒருத்தி திருஷ்டி படப்போகிறது என்று தானே நெட்டி முறித்தாள். அந்தத் தாய் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

பிறகுதான் நான் கால்களைப் பார்த்தேன். இரண்டும் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. மணிக்கட்டில் எலும்பு புடைத்திருந்தது. தலை மட்டும் தனியாக வேர்த்துக் கொட்டியது. தரையில் நிறுத்திப் பார்த்தேன். காலை மடக்கிக்கொண்டு வீறிட்டது.

“பேரு என்னம்மா?”

“வெண்ணிலா.”

“உன் பேரு?”

“மரகதம்.”

மரகதம் கறுப்பு. என் அளவுக்கு இல்லை, ஆனாலும் நல்ல கறுப்பு. அவளுக்குப் பின்னால் நின்ற புருஷன் சண்முகம் சிவப்பு. சிராங்கூன் ரோட்டில் ஒரு சேலைக் கடையில் விற்பனையாளர். அந்த நிறத்துக்காகவே முதலாளி அவரைத் தெருவைப் பார்த்தாற்போல நிறுத்தி வைத்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சேலையை விரித்துக் காட்டும் அவர் கைதான் கடைக்கு விளம்பரம்.

“போலியோவா மிஸ்ஸி?” என்று அவர் கேட்டார். அந்தக் காலத்தில் பிள்ளையைப் பெற்ற எல்லாரும் பயந்த ஒரே சொல் அது. இந்தக் கேள்வியோடு அவர்கள் ஏற்கெனவே வேப்பிலை அடிக்கிறவரையும், எலும்புக்கு எண்ணெய் போடும் சீன வைத்தியரையும் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார்கள்.

எங்கள் டாக்டர் குவா குள்ளமான மனிதர். வாயில் எப்போதும் ஒரு உப்புப் பிளம் பழம் அடக்கியிருப்பார். குளிர் நாட்டில் போய்ப் பிள்ளை வைத்தியம் படித்துவிட்டு வந்தவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் பிளம் கொட்டையைக் கடித்துவிட்டார். எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

“ரெஜினா, வெளியே எட்டிப் பார். வெயில் அடிக்குதா?”

“மண்டையைப் பிளக்குது டாக்டர்.”

“அப்படின்னா இந்தப் பிள்ளைக்கு இந்த வியாதி எப்படி வந்தது?”

ரிக்கெட்ஸ். வெயிலே படாத பிள்ளைகளுக்கு வரும் எலும்பு நோய். உடம்பில் வெயில் பட்டால்தான் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேரும். படாவிட்டால் எலும்பு பச்சைக் குச்சியாக வளையும். புகைமூட்டம் கவிந்த குளிர் ஊர்களில் இதை வார்டு வார்டாகப் பார்த்திருக்கிறார் அவர். வருஷம் முழுவதும் வெயில் கொளுத்துகிற சிங்கப்பூரில் இதைப் பார்ப்போம் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். நான் புத்தகத்தில் படித்ததோடு சரி.

“இப்பவே பிடிச்சா கால் தானா நேராகும்” என்றார். “விட்டா அப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் எலும்பை உடைச்சுத்தான் நேராக்கணும். இடுப்பெலும்பும் வளைஞ்சுட்டா நாளைக்கு இவ பிள்ளை பெறும்போது உயிருக்கே ஆபத்து. நீ அந்த வீட்டுக்குப் போ. சூரியனை எங்கே ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு பார்த்துட்டு வா.”

இது என் நிறத்தைப் பற்றி

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று நம் ஆட்கள் கறுப்புக்கு வைத்திருக்கிற செல்லப் பெயர் எதிலும் அடங்காத கறுப்பு. வெள்ளைச் சீருடை போட்டால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம். வேறு யாரும் சொன்னதில்லை.

செம்பவாங்கிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் தாய், “லைட்டைப் போடுங்க, பொண்ணைப் பார்க்கணும்” என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. “இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா பகல்ல வாங்க” என்று நான் சொல்லிவிட்டேன். அத்தோடு அந்தச் சம்பந்தம் போயிற்று. என் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பின்னாளில் என்னைக் கட்டிக்கொண்டவர் பகலில்தான் வந்தார். வந்து, பார்த்து, இன்னொரு கோப்பி கேட்டார்.

பிரசவ வார்டில் நான் வேலை பார்த்த நாளில், விடிந்ததும் என் முகத்தில் விழித்தால் பிள்ளை கறுத்துவிடும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் மகராசிகள் உண்டு. எனக்கு அது வசதிதான். ஊசி போடுவதற்கு அந்தப் பக்கம்தானே திரும்ப வேண்டும்!

ஆகவே நிறம் என்று வந்தால் நான் நடுநிலை ஆள் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சூரியன் நுழையாத வீடு

கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடி. கீழே அஞ்சடி நடைபாதையில் மாலை கட்டுகிறவர்கள், மல்லிகை வாசனை, மாட்டுத் தொழுவத்திலிருந்து வரும் இன்னொரு வாசனை. தெருவில் வெள்ளை வெயில். படியேறி அவர்கள் அறைக்குள் போனேன். எனக்குக் கண் தெரியவில்லை. நாற்காலியில் இடித்துக்கொண்டேன்.

ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பத்திரிகைத் தாள் ஒட்டியிருந்தது. அட்டைப்படங்கள்தான் அதிகம். எல்லாம் சிவப்பு நடிகைகள். பிள்ளை பார்த்துக்கொண்டே வளரட்டும் என்று மரகதமே தேடித்தேடி ஒட்டியிருக்கிறாள். கூரையில் இருந்த ஒரே கண்ணாடி ஓட்டுக்கும் சாக்குத் துணி கட்டியாகிவிட்டது.

“வெளியிலேயே தூக்கிட்டுப் போறதில்லையா?”

“பொழுது சாஞ்சதும் போவோம் மிஸ்ஸி. கோயிலுக்குப் போவோம், காத்தாட நடப்போம். பகல்ல மட்டும்தான் இல்லை.”

“பொறந்ததிலேருந்தா?”

“பொறந்ததிலேருந்துதான். என் கையைப் பாருங்க, அவ கையைப் பாருங்க. விட்டுட முடியுமா?”

பாலேடு தடவுகிறாள். கடலைமாவு தேய்க்கிறாள். குங்குமப்பூ வாங்குவதற்காகத் தனக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுக்காமல் இருந்திருக்கிறாள். பிள்ளையைக் கவனிக்காத தாய் என்றால் நாலு சத்தம் போட்டு வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். இவள் கவனித்துக் கவனித்தே காலை வளைத்துவிட்டாள். நான் எந்தப் பக்கம் சத்தம் போடுவது?

“கால் முக்கியமா, நிறம் முக்கியமா மரகதம்?”

அவள் பிள்ளையின் உறையைச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்.

“ஊர்ல ஒரு கல்யாணம்னா எங்கம்மா என் தங்கச்சியைத்தான் கூட்டிட்டுப் போவாங்க. என்னை வீட்டைப் பார்த்துக்கன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க. எங்களுக்கு இருந்தது ஒரே ஓலை வீடு மிஸ்ஸி. பார்த்துக்கறதுக்கு அதுல என்ன இருக்கு?”

 

பூனைகளுக்குப் பிடித்த மருந்து

டாக்டர் முதலில் கொடுத்தது மீன் எண்ணெய். வெயிலில் கிடைக்கிற அதே சத்து அதிலும் உண்டு. பழுப்பு நிறப் பாட்டிலில், மூடியைத் திறந்தாலே நாலு வீட்டுக்கு நாறும் எண்ணெய்.

சண்முகம் பாட்டிலைக் கையில் வாங்கவே இல்லை. “எங்க வீட்டுக்கு முட்டைகூட வந்ததில்லை மிஸ்ஸி.”

“இது சாப்பாடு இல்லைங்க, மருந்து.”

“மருந்துக்குள்ள இருக்கிறது மீனுங்களே.”

கெஞ்சிக் கூத்தாடி வாங்க வைத்தேன். மறுவாரம் போய்ப் பார்த்தால், மாடிப்படி நெடுகப் பூனை. தேக்கா மார்க்கெட்டில் திரிகிற பூனையெல்லாம் படிக்கு ஒன்றாக உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. மரகதம் எண்ணெயைப் பின்சுவரோரம் துளசித் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். தொட்டியைப் பூனைகள் நக்கியே பளபளவென்று ஆக்கிவிட்டன. துளசி பட்டுப்போயிற்று.

டாக்டரிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. மீன் சேராத சொட்டு மருந்து ஒன்று உண்டு, ஆனால் அது கப்பலில்தான் வர வேண்டும். எப்போது வரும் என்று கப்பலுக்கே தெரியாது.

“அதுவரைக்கும் வெயில்தான்” என்றார். “வெயில் சைவம்தான்னு அவங்ககிட்டச் சொல்லு.”

சொன்னேன். மரகதம் தலையாட்டினாள். தினமும் காலையில் ஃபேரர் பார்க் திடலுக்குத் தூக்கிப் போவதாகச் சத்தியம் செய்தாள். எனக்குச் சந்தேகம். ஒரு நாள் காலை வேலைக்குப் போகும் வழியில் திடலைச் சுற்றிக்கொண்டு போனேன். சொன்ன சொல் தவறாமல் அங்கேதான் இருந்தாள். குல்லா, உறை, இரண்டு சட்டை, துண்டு, மேலே குடை. அந்தப் பிள்ளைமேல் வெயில் விழ வேண்டுமானால் மண்ணைக் குடைந்துகொண்டு கீழேயிருந்துதான் வர வேண்டும்.

“என்னடி இது?”

“நீங்கதானே வெயிலுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னீங்க?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடையைப் பிடுங்கி ஒடித்துப் போட்டிருப்பேன். சீருடையில் இருந்ததால் தப்பித்தது.

பாசிர் ரிஸ் போன கதை

அப்போதுதான் எனக்கு அந்தக் குறுக்குப் புத்தி வந்தது.

இன்றைக்குப் பாசிர் ரிஸ் என்றால் அடுக்குமாடி வீடுகள். அன்றைக்கு அது கடலும் தென்னையும் நாலு பங்களாவும்தான். விடுமுறை நாளில் படை முகாமிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்கள் வந்து மணலில் காய்ந்து கிடக்கும். கருவாடு காயப் போட்டிருக்கிறார்களா என்று சந்தேகமே வந்துவிடும்.

“கடல் காத்து எலும்புக்கு நல்லது. வானமும் மூடியிருக்கு, வெயிலே வராது” என்று மரகதத்தைக் கிளப்பினேன். உண்மையிலேயே கிளம்பும்போது மூட்டம்தான். பஸ்ஸில் ஒரு சீனக் கிழவி வெண்ணிலாவின் கன்னத்தைத் தொட்டு, “பூத்தே! பூத்தே!” என்று மலாயில் வெள்ளை நிறத்தை மெச்சிக்கொண்டே வந்தார். மரகதத்துக்கு வழியெல்லாம் வாயெல்லாம் பல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் போய் இறங்கவும் மேகம் விலகியது. எனக்குச் சாமி துணை.

மணலில் முதலில் கண்ணில் பட்டவன் ஒரு சிப்பாய். குப்புறப் படுத்துத் தூங்குகிறான். முதுகு அவித்த இறால் மாதிரி சிவந்து தோல் உரிந்துகொண்டிருந்தது.

“இவருக்கு என்ன மிஸ்ஸி, அம்மையா?”

“குடி” என்றேன். “வா வா, அங்க பாரு.”

அங்கே ஓர் இளம் வெள்ளைக்காரி பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் வெண்ணிலா வயதில் ஒரு பெண் குழந்தை, இடுப்பில் ஒரு துணி மட்டும் கட்டிக்கொண்டு, தத்தித்தத்தி நடந்து மணலை அள்ளித் தின்றுகொண்டிருந்தது. நல்ல நேரான கால்கள். மரகதம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் போய் இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்தேன். பிள்ளையை ஏன் இப்படி வெயிலில் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் சந்தோஷமாகச் சொன்னாள். பிறந்தபோது ஒரே வெளுப்பாக, நோய்ப் பிள்ளை மாதிரி இருந்தாளாம். இங்கே வந்ததிலிருந்து தினமும் வெயிலில்தானாம். ஊருக்குப் போகும்போது சொந்தக்காரர்கள் பார்த்து அசந்துபோகிற அளவுக்குப் பழுப்பாக்கித்தான் கூட்டிக்கொண்டு போகப் போகிறாளாம்.

“என்ன சொல்றாங்க?” என்றாள் மரகதம்.

நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் மொழிபெயர்த்தேன். “வெள்ளைக்கார டாக்டருங்க எல்லாம் பிள்ளையை வெயில்லதான் வளர்க்கணும்னு சொல்லியிருக்காங்களாம். அதான் கால் இப்படி நேரா இருக்காம். நிறம் ஒரு பொட்டுகூடப் போகாதாம். நீயே பாரேன், வெள்ளையாத்தானே இருக்கா!”

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் புண்ணியவதி ஒரு காரியம் செய்தாள். எவ்வளவு கறுத்திருக்கிறாள் என்று எனக்குக் காட்டுவதற்காகப் பிள்ளையைத் தூக்கி, இடுப்புத் துணியை இழுத்துக் கீழே இறக்கினாள். துணிக்குள் இருந்த இடம் பால் வெள்ளை. வெளியே இருந்த இடமெல்லாம் தேன் நிறம். நடுவில் கோடு போட்டாற்போல ஒரு வரம்பு. அவள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அந்தப் பழுப்புத் தோளில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

“அதோ பாரு மரகதம், எவ்வளவு பெரிய கப்பல்!” என்று நான் கடலைக் காட்டிக் கத்தினேன். மரகதமும் திரும்பினாள். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

திரும்பும் வழியில், பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், அவள் மடியில் தூங்குகிற பிள்ளையின் ஒரு கால் உறையைக் கழற்றினாள். பிறகு இன்னொன்று.

மறுநாள் காலை திடலைச் சுற்றிப் போனேன். பாய் விரித்திருந்தாள். பாயில் வெண்ணிலா, பிறந்தமேனியாக. குடை பக்கத்தில் மடக்கிக் கிடந்தது.

நான் சொன்ன பொய்யை நினைத்து இன்றுவரை எனக்குத் துளி வருத்தம் கிடையாது. மாதா கோயில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. நல்ல பொய்யை எதற்கு வீணாக்குவது?

சேலைக் கடைக்காரர் போட்ட சண்டை

மாதங்கள் போயின. நடுவில் கப்பலும் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. மீன் இல்லாத சொட்டு மருந்தை வெண்ணிலா சப்புக்கொட்டிக் குடித்தாள். வெயில் பாதி, சொட்டு பாதி என்று வைத்தியம் நடந்தது.

ஒரு நாள் சண்முகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பகுதிக்குள் புயலாக நுழைந்தார். பின்னாலேயே மரகதம். அவர் பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“நீங்க செஞ்சது நியாயமா மிஸ்ஸி? என் கையைப் பாருங்க! என் புள்ளை கையைப் பாருங்க! அவ அம்மா மாதிரியே ஆயிட்டா! கடைக்கு வர்றவங்க எல்லாம் யார் வீட்டுப் புள்ளைன்னு கேக்கறாங்க. எவன் கட்டுவான் இவளை?”

“உங்களை ஒருத்தி கட்டலையா?” என்றேன். அவருக்கு அது உறைக்கவில்லை.

“தங்க விக்கிரகம் மாதிரி இருந்தா! இன்னைக்கு என்ன மாதிரி இருக்கா தெரியுமா? டாக்டரைக் கூப்பிடுங்க. நான் நேரா அவர்கிட்டயே கேக்கறேன், நிறத்தைத் திருப்பித் தருவாரான்னு!”

டாக்டர் குவா சத்தம் கேட்டு வெளியே வந்து, கதவோரமே நின்றுவிட்டார். அவர் சண்முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பெஞ்சு முழுக்கப் பார்த்தது. சண்முகம் மட்டும் நிறம் போச்சு, நிறம் போச்சு என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மரகதம்தான் சொன்னாள்.

“கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுக் கீழ பாருங்க.”

அவர் பார்த்தார். அவர் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெண்ணிலா நின்றாள். தானாக எழுந்து நின்றிருந்தாள். கால் இன்னும் முழுக்க நேராகவில்லை. உடம்பு ஆடியது. ஆனாலும் நின்றாள். அப்பா பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் ஒரு கையை விட்டுவிட்டு, அவர் ஆட்டிய மாதிரியே தானும் ஆட்டிக் காட்டினாள்.

சண்முகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேருக்கு முன்னால், சேலைக் கடையின் விளம்பரக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வெண்ணிலா அவர் காதைப் பிடித்துக்கொண்டு இன்னும் நன்றாக நிமிர்ந்து நின்றாள்.

எனக்கும் கண் கலங்கியது. டாக்டர் மூக்கை உறிஞ்சினார். கேட்டால் பிளம் பழம் புளிப்பு என்பார். நான் கேட்கவில்லை.

ஃபேரர் பார்க் திடலில்

அப்புறம் அறுபதுகளில் ஒரு வருஷம். அதே திடலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி. என் மகன் சாக்கு ஓட்டத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, நர்ஸ் பிள்ளை என்ற தைரியத்தில் ஊரைக் கூட்டி அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு மருந்து போட்டுவிட்டு நிமிர்ந்தால், புல்லில் மரகதம். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பக்கத்தில் அதே கறுப்புக் குடை. நான் போய் உட்கார்ந்தேன்.

“வெண்ணிலா எங்கே?”

“அதோ, நாலாவது கோட்டுல நிக்கிறா பாருங்க.”

செருப்பில்லாமல், ரிப்பன் கட்டி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். நெடுநெடுவென்று நேரான கால்கள். கறுப்பு. வெயிலில் மின்னுகிற நல்ல கறுப்பு.

விசில் ஊதினார்கள். ஓடினாள் பாருங்கள்! முதலாவதாக வரவில்லை, ஒரு மலாய்ப் பெண் முந்திவிட்டாள். ஆனாலும் நான் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் இருந்த வாத்தியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உட்கார்ந்ததும் மரகதம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அன்னைக்கு பாசிர் ரிஸ்ல நீங்க காட்டினீங்களே மிஸ்ஸி, அங்க கப்பலே இல்லை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எது?”

“அந்தப் புள்ளையோட இடுப்பை நான் பார்த்துட்டேன். துணி மறைச்ச இடம் வெள்ளை, வெயில் பட்ட இடம் கறுப்பு. எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது, கண்ணு தெரியும் லா.”

“தெரிஞ்சுக்கிட்டேவா மறுநாளே திடலுக்குத் தூக்கிட்டு வந்தே?”

அவள் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“அந்தம்மா கறுத்த தோளைப் பார்த்துச் சிரிச்சாங்க மிஸ்ஸி. அந்த இடத்துலயே முத்தம் கொடுத்தாங்க. பெத்த புள்ளை கறுக்கறதைப் பார்த்துப் பூரிச்சுப்போற ஒரு அம்மாவை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன். எங்கம்மா என்னை ஒரு நாளும் அப்படிப் பார்க்கலை. என் புள்ளையை நானாவது அப்படிப் பார்க்கணும்னு இருந்தது.”

என் பொய்தான் அவளைத் திருப்பியது என்று இத்தனை வருஷம் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. உச்சி வெயில் நேரே கண்ணில் அடித்தது நல்லதாயிற்று. அந்தச் சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் குடையை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குள் வெண்ணிலா மூச்சு வாங்க ஓடி வந்து முன்னால் நின்றாள். மரகதம் முந்தானையால் அவள் கழுத்து வேர்வையைத் துடைத்து, தோளில் ஒரு முத்தம் வைத்தாள். அந்தப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையும் குடையையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன மிஸ்ஸி,” என்றாள், “கறுத்துடுவீங்கன்னு பயமா?”